பாங்க் எடுத்த வீடா? விலை சொல்ல முதல் சொலிசிட்டரைப் பிடியுங்கோ

2025 மார்ச், ஒரு வியாழக்கிழமை பின்னேரம். ஏஜென்ட் போன் எடுத்து, கடன் கட்டாததால் பாங்க் எடுத்து விற்கிற வீடொன்றுக்கு நாங்கள் சொன்ன விலையை ஏற்றுக்கொண்டார்கள் என்றான். என் கணவர் பெற்றோல் ஷெட் இரவு வேலைக்கு வெளிக்கிட முதல் ஒரு சட்டி பாயாசம் காய்ச்சி, மாமிக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தேன். பதினாறாம் நாள் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விட்டது. வீட்டைப் பரிசோதிக்கிற சேர்வேயருக்குக் கட்டிய 640 பவுண்ஸும், கவுன்சில் தேடல்களுக்கென்று (வீட்டைப் பற்றிக் கவுன்சிலின் பதிவுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது) சொலிசிட்டரிடம் கட்டிய 310 பவுண்ஸும் பாயாசத்தோடு சேர்ந்து போயிற்று.

ஜூலையில் இன்னொரு பாங்க் எடுத்த வீட்டுக்குக் கேட்டோம். அதன் குசினியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். இரண்டும் இங்கிலாந்தின் லூட்டனில், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பத்து நிமிட நடை. முதல் வீட்டை விலையில் விட்டோம் என்றுதான் கனநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, நாங்கள் விட்டது நாட்களை. விலை சொன்ன பிறகு சொலிசிட்டர் தேடப் போனோம். அது பந்தி முடிந்த பிறகு இலை வெட்டப் போன கதை.

இங்கே நான் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்கொட்லாந்தில் வீடு விற்கிற முறையே வேறு.

முதலில் விற்கிறவர் யார் என்று பாருங்கோ. சாதாரண வீடென்றால் எதிரே ஒரு மனுசன் இருப்பார். உங்களைப் பிடித்தால், "இனி ஒருவருக்கும் காட்டவேண்டாம்" என்று ஏஜென்டிடம் சொல்லிவிடுவார். மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், கட்டாததால் பாங்க் எடுத்த வீட்டில் அந்த மனுசன் இல்லை. விற்பது பாங்க். ஆனால் வீடு பாங்கின் சொத்தும் இல்லை. கடனை எடுத்துக்கொண்டு மிச்சக் காசைப் பழைய சொந்தக்காரருக்கோ, அவருக்கு அடுத்ததாகக் கடன் கொடுத்தவருக்கோ கொடுத்தாகவேண்டும். 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதனால் பாங்க் நினைத்த விலைக்குத் தள்ளிவிட முடியாது. 1971இல் குக்மியர் பிரிக் என்ற கம்பெனியின் வழக்கில், கடன் கொடுத்தவர் காணியை ஏலத்தில் விற்றபோது அடுக்குமாடி கட்ட அனுமதி இருந்ததை விளம்பரத்தில் போடாமல் விட்டார்கள். உண்மையான சந்தை விலையைப் பெற நியாயமான கவனம் எடுக்கவேண்டியது கடன் கொடுத்தவரின் கடமை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பயம் பாங்குகளுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

அந்தப் பயம்தான் உங்கட தலையில் வந்து விழும். உங்கட விலையை ஏற்றுக்கொண்ட பிறகும் ஏஜென்ட் வீட்டைச் சந்தையில் இருந்து எடுக்க மாட்டான். நீங்கள் கேட்ட தொகையை, பவுண்ஸ் கணக்கோடு, ஊர்ப் பத்திரிகையிலோ தங்கட இணையப் பக்கத்திலோ பகிரங்க அறிவித்தலாகப் போடுவான். இன்ன விலாசம், இவ்வளவுக்குக் கேள்வி வந்திருக்கிறது, கூடக் கேட்க விரும்புகிறவர்கள் ஒப்பந்தம் கைமாற முதல் எழுத்தில் தரவும் என்று இருக்கும். எங்கட 236,000 பவுண்ஸை அப்படிப் போட்டிருந்ததை நான் பார்த்தபோது ஏதோ பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று போன் எடுத்துச் சண்டை பிடித்தேன். அந்தப் பொடியன் பாவம், "இது வழமை அக்கா" என்கிற மாதிரி இங்கிலீசில் ஏதோ சொன்னான்.

அறிவித்தலைப் பார்த்து ஒருவர் 241,000 கேட்டார். கையில் காசு வைத்திருந்தார். நாங்களும் 241,500 தருகிறோம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவும் ஆயத்தம். ஆனால் எங்கட சொலிசிட்டர் அலுவலகத்தில் அன்றைக்கும் எங்கட பைல் திறக்கவில்லை. அடையாளப் பத்திரம், காசு வந்த வழி எல்லாம் பார்த்து முடிக்கப் பன்னிரண்டு நாள் போயிருந்தது. மற்றவருடைய ஆட்கள் அதற்குள் ஒப்பந்தத்தைக் கைமாற்றிவிட்டார்கள். இதிலிருந்து பிடிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. விலை ஏற்றுக்கொண்டார்கள் என்ற சொல்லுக்கு இந்த வீடுகளில் பெறுமதி கிடையாது. இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த ஒப்பந்தம் கைமாறுகிற நாள், எக்ஸ்சேஞ்ச் என்று சொல்வார்களே, அதுதான் நாள். அதுவரைக்கும் பழைய சொந்தக்காரர்கூடக் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். நீங்கள் கேட்கலாம், அடுத்தவர் கேட்கலாம், யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை.

ஆகவே வீடு பார்க்கப் போக முதல் ஒரு பைல் செய்யுங்கோ. நான் வாங்கியது ஒரு நீல நிறப் பைல், டெஸ்கோவில். அதற்குள் இருவருடைய பாஸ்போர்ட் பிரதி, விலாசத்துக்குக் கவுன்சில் வரிக் கடிதம், மூன்று மாதச் சம்பளத் துண்டு, ஆறு மாத பாங்க் கணக்கு, மோட்கேஜ் தருவோம் என்று கடன் தருகிற பாங்க் முன்கூட்டித் தந்த கடிதம். அடுத்தது டிபொசிற் காசு, அதாவது கடன் போக நீங்கள் கையால் போடுகிற பங்கு, எங்கிருந்து வந்தது என்பதற்கான கடதாசிகள். எங்கட ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கட டிபொசிற்றில் 8,000 பவுண்ஸ் சீட்டுக் காசு. முதல் முறை சொலிசிட்டரின் பிள்ளை பாங்க் கணக்கைப் பார்த்துவிட்டு, ஒரே கிழமைக்குள் நான்கு வேறு ஆட்களிடமிருந்து இரண்டாயிரம், இரண்டாயிரமாக வந்திருக்கிறதே, இது என்ன என்று கேட்டாள். சீட்டு என்றால் என்னவென்று அவளுக்கு நான் விளங்கப்படுத்திய விதத்தில், நான் ஏதோ கள்ளக் கடன் வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். 2017ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி காசு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்டே ஆகவேண்டும், பதில் திருப்தி இல்லையென்றால் நகர மாட்டார்கள். இரண்டாம் முறை, சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் போய், ஆட்களின் பெயர், மாதக் காசு, யாருக்கு எந்த மாதம் விழுந்தது எல்லாம் எழுதி ஒரு கடிதம் வாங்கினேன். நான் மாதாமாதம் கட்டியது என் கணக்கிலிருந்து போனதையும் மஞ்சள் மையால் கோடிட்டுக் காட்டினேன். ஒரே நாளில் சரி. சீட்டுக் காசைக் கையில் வாங்கி அலுமாரிக்குள் வைக்கிற பழக்கம் இருந்தால் வீடு வாங்க யோசிக்கிற ஆண்டிலாவது விட்டுவிடுங்கோ, பாங்கால் வாங்குங்கோ.

டொரொன்டோவில் இருந்து அண்ணா அனுப்பிய 10,000க்கு வேறு கடதாசி. இது அன்பளிப்பு, திரும்பக் கேட்கமாட்டேன், வீட்டில் எனக்கு ஒரு பங்கும் வேண்டாம் என்று அவர் கையெழுத்து வைத்த கடிதம், அவருடைய பாஸ்போர்ட், காசு அவர் கணக்கில் இருந்ததற்கான சான்று. "நான் தங்கச்சிக்குக் காசு தாறதுக்கு இவங்களுக்கு ஏன் என்ர சம்பளம்?" என்று அண்ணா கொதித்தார். கொதிக்கட்டும், கடிதத்தை முதலே வாங்கி வையுங்கோ. நகை விற்ற காசென்றால் கடைப் பற்றுச்சீட்டு.

இனி சொலிசிட்டர். வீட்டு அலுவலைச் சொலிசிட்டரும் செய்யலாம், அதற்கென்று மட்டும் அனுமதி பெற்ற லைசென்ஸ்ட் கன்வேயன்சரும் செய்யலாம். முதலாமவரை எஸ் ஆர் ஏ என்கிற சொலிசிட்டர் ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் பார்க்கலாம், இரண்டாமவரை லைசென்ஸ்ட் கன்வேயன்சர்களுக்கான கவுன்சில் என்ற அமைப்பின் பதிவேட்டில். இரண்டும் இலவசம், ஐந்து நிமிட வேலை. ஏஜென்ட் தனக்குத் தெரிந்த ஆளைத் தலையில் கட்டப் பார்ப்பான், அதற்கு அவனுக்குக் கமிஷன் இருக்கலாம். எடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

தமிழ் ஆளாகப் பார்த்தால் கதைக்கச் சுகம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், மாமியும் போனில் கேள்வி கேட்கலாம். ஆனால் எங்கட ஆட்களில் பலர் விசா, அகதி வழக்கில் கெட்டிக்காரர். வீட்டு அலுவலைப் பக்கத் தொழிலாகச் செய்கிறவராக இருக்கலாம். ஆளைப் பார்க்காமல் அனுபவத்தைப் பாருங்கோ. நான் இரண்டாம் முறை ஐந்து இடத்துக்குப் போன் எடுத்து ஒரே கேள்விகளைக் கேட்டேன். எனக்கு மோட்கேஜ் தருகிற பாங்கின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? இல்லையென்றால் பாங்குக்கு வேறொரு சொலிசிட்டர், அதற்கு வேறு காசு, வேறு நாட்கள். போன மாதங்களில் பாங்க் எடுத்த வீடு எத்தனை செய்தீர்கள்? 28 நாளில் எக்ஸ்சேஞ்ச் என்றால் முடியுமா? என் பைலை யார் பார்ப்பார், அவர் எப்ப லீவில் போகிறார்? ஒரு இடத்தில் கடைசிக் கேள்விக்குச் சிரித்தார்கள். இன்னொரு இடத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரி, ஓகஸ்ட் 9 முதல் 23 வரை இல்லை, ஆனால் இன்ன ஆள் பார்ப்பார் என்று பெயரோடு சொன்னா. அவவைத்தான் பிடித்தேன்.

கூலி 1,150 பவுண்ஸ், அதன் மேல் 20 வீத வற் வரி போட 1,380. இது நிலையான கூலியா, மணிக்கணக்கா என்று எழுத்தில் வாங்குங்கோ. தேடல்கள், காணிப் பதிவகக் கட்டணம், காசு அனுப்புகிற கட்டணம் எல்லாம் கூலிக்கு வெளியே. எஸ் ஆர் ஏயின் கீழ் இருக்கிற கம்பெனிகள் வீட்டு அலுவலுக்கான விலையைத் தங்கட இணையப் பக்கத்தில் போடவேண்டும் என்று 2018 டிசம்பர் முதல் விதி இருக்கிறது, ஆகவே போன் எடுக்க முதலே பார்க்கலாம். ஆளைத் தீர்மானித்த பிறகு, "வீடு இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் பைலைத் திறவுங்கோ, அடையாளப் பரிசோதனையும் காசுப் பரிசோதனையும் இப்பவே முடியுங்கோ" என்று கேளுங்கோ. எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். என்ர ஆள் 150 பவுண்ஸ் முன்பணம் வாங்கிக்கொண்டு செய்து தந்தா. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இந்த வரியை எடுங்கோ.

இந்த வீடுகளை விளம்பரத்தில் அடையாளம் காண்பது லேசு. ரைட்மூ, ஸூப்லா போன்ற வீட்டு விளம்பரத் தளங்களில் படத்தில் தளபாடம் ஒன்றும் இருக்காது, விபரத்தில் பகிரங்க அறிவித்தல் பற்றி ஒரு பந்தி இருக்கும், சிலதில் "மோட்கேஜி இன் பொசெஷன்" என்றே எழுதியிருக்கும். மலிவு என்று ஓடாதீர்கள். பாங்க் இரண்டு மூன்று மதிப்பீடு எடுத்துத்தான் விலை போட்டிருக்கும்.

நாங்கள் வாங்கிய வீட்டைப் பார்க்கப் போனபோது முன்கதவு பாதிதான் திறந்தது. பின்னால் கடிதக் குவியல், முழங்கால் உயரம். உள்ளே கக்கூஸ் மூடியைச் சுற்றிப் பழுப்பு டேப் ஒட்டி, பாவிக்கவேண்டாம் என்று எழுதியிருந்தது. குளிர்காலத்தில் குழாய் வெடிக்காமல் இருக்கத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு இப்படி ஒட்டுவார்கள். குசினியில் அடுப்பு இருந்த இடத்தில் சதுரமாக எண்ணெய்ப் பிசுக்கு, காஸ் குழாய்க்கு மூடி. பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற கொடியில் பதினொரு கிளிப் அப்படியே தொங்கியது. மாமி கிளிப்புகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றா. "ஆரின்ரயோ கண்ணீர் விழுந்த வீடு பிள்ளை, எங்களுக்கு வேண்டாம்" என்றா. 1995 இடப்பெயர்வில் உரும்பிராய் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவ. அவவுக்கு நான் சட்டத்தைத்தான் சொன்னேன். நாங்கள் கூடக் கொடுத்தால் அவர்களுடைய கடன்தான் குறையும், மிஞ்சினால் காசு அவர்களுக்கே போகும் என்றேன். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, "அப்ப கூடவே கேள்" என்றா.

பார்க்கிறபோது எதையும் போட்டுப் பார்க்க முடியாது. தண்ணீர் இல்லை, காஸ் இல்லை, பொயிலர் வேலை செய்யுமோ யாருக்கும் தெரியாது, ஏஜென்டுக்கும் தெரியாது. ஆகவே பொயிலரும் வயரிங்கும் இல்லை என்றே கணக்குப் போடுங்கோ. குசினியோ குளியலறையோ முழுக்கக் கழற்றியிருந்தால் பல மோட்கேஜ் கம்பெனிகள் அதை ஆள் குடியிருக்க முடியாத வீடென்று சொல்லிக் கடன் தரமாட்டார்கள், அதை விலை கேட்க முதல் உங்கட மோட்கேஜ்காரரிடம் கேளுங்கோ. சேர்வே என்றால் சேர்வேயர் சங்கத்தின் மூன்றாம் மட்டத்தை, மிக விரிவான பரிசோதனையை, எடுங்கோ. எங்கட வீடு 1930களில் கட்டியது, 850 பவுண்ஸ் எடுத்தார், பின்பக்கச் சாய்வுக் கூரையில் ஈரம் என்று கண்டுபிடித்தார். பாங்கின் மதிப்பீட்டாளர் வருவது பாங்குக்காக, உங்களுக்காக அல்ல.

வீட்டுக்குப் போய் வந்த அன்றிரவே காணிப் பதிவகத்தின் அரச இணையத்தளத்தில் 7 பவுண்ஸ் கட்டி அந்த வீட்டின் பதிவேட்டை எடுத்தேன். தனிக்காணியா லீஸா (குறித்த ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை), எந்தப் பாங்கின் கடன் ஏறியிருக்கிறது, வழிப்பாதை உரிமை ஏதும் இருக்கிறதா எல்லாம் அதில் இருக்கும். அரசாங்கத் தளம் மாதிரியே வேஷம் போட்டு 30, 40 பவுண்ஸ் கறக்கிற தளங்கள் தேடலில் மேலே வரும், விலாசத்தைப் பார்த்துப் போங்கோ. லீஸ் வீடென்றால் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கோ. எத்தனை ஆண்டு மிச்சம்? பழையவர் கட்டாத சேவைக் கட்டணத்தை யார் கட்டுவது? இரண்டாவதுக்கு, எக்ஸ்சேஞ்சுக்கு முதல் எழுத்தில் பதில் இல்லாமல் அசையாதீர்கள்.

விலை கேட்கிற கடிதம் அரைப் பக்கம் போதும். பாங்கில் அதைப் பார்க்கிறவர் உங்களை ஒருநாளும் சந்திக்கப் போவதில்லை, மேசையில் கிடக்கிற பத்து வீட்டில் ஒன்று இது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட, வீட்டை மிகவும் விரும்புகிறோம் என்றெல்லாம் எழுதி இடத்தை நிரப்பாதீர்கள். நான் எழுதியது இவ்வளவுதான்: வீட்டின் விலாசம், எங்கட இருவர் பெயர், 252,600 பவுண்ஸ், ஒப்பந்தத்துக்கு உட்பட்டது. முதல் வீடு வாங்குகிறோம், விற்க வீடில்லை. மோட்கேஜ் முன்கடிதம் இணைப்பு, டிபொசிற் கணக்குச் சான்று இணைப்பு. சொலிசிட்டரின் பெயர், தொலைபேசி, எங்கட பைல் இலக்கம். பைல் திறந்து பரிசோதனைகள் முடிந்துவிட்டன, ஒப்பந்தக் கடதாசி வந்த 28 நாளுக்குள் எக்ஸ்சேஞ்ச் செய்வோம். அந்தப் பைல் இலக்கத்தைப் பார்த்துவிட்டு ஏஜென்ட் பெண், "அப்ப நீங்கள் உண்மையாக ஆயத்தம்" என்றாள். விளம்பர விலை 249,950. தொகையின் வாலில் ஒரு 600 ஏன் என்று இவர் கேட்டார். எல்லாரும் ஆயிரத்திலும் ஐந்நூறிலும் நிற்பார்கள், நூறு பவுண்ஸில் தோற்கிறதைவிட நூறு கூடக் கட்டலாம் என்பதுதான் என் கணக்கு.

நாங்கள்தான் கூடக் கேட்டவர்கள் என்று நினைத்தேன். இல்லையாம். இன்னொருவர் எங்களைவிட 1,500 கூடக் கேட்டிருந்தார், ஆனால் அவருடைய வீடு முதலில் விற்றாகவேண்டும். எங்கட விலையும் அறிவித்தலில் ஏறியது, மாமி அதை வாசித்துவிட்டு, "ஊருக்கே சொல்லிப்போட்டாங்கள்" என்றா. நாங்கள் அன்றைக்கே தேடல்களுக்குக் காசு கட்டினோம். கவுன்சில் தேடல், தண்ணீர் மற்றும் கழிவுநீர்த் தேடல், சுற்றாடல் தேடல் என்று மூன்று. கவுன்சில் தேடல் சில இடத்தில் ஐந்து நாள், சில இடத்தில் கிழமைக்கணக்கு. பிந்தினால் தனியார் கம்பெனி ஆள் வைத்துத் தேடுவார்கள், அதை உங்கட மோட்கேஜ்காரர் ஏற்றுக்கொள்வாரா என்று சொலிசிட்டர்தான் பார்க்கவேண்டும்.

பாங்கின் சொலிசிட்டர் அனுப்புகிற ஒப்பந்தம் மெல்லிசாக இருக்கும். சாதாரண விற்பனையில் டி ஏ 6 என்று ஒரு படிவம், மதில் யாருடையது, அயலோடு சண்டை உண்டா, வீட்டில் என்ன மாற்றம் செய்தது எல்லாம் விற்கிறவர் நிரப்பித் தருவார். இங்கே அது வராது. பாங்க் அந்த வீட்டில் ஒரு நாளும் படுக்கவில்லை. எங்கட ஆள் அனுப்பிய பதினெட்டுக் கேள்வியில் பதினைந்துக்கு, "விற்பவருக்குத் தெரியாது" என்றே பதில். பின்பக்கச் சாய்வுக் கட்டடத்துக்கு அனுமதி எடுத்ததா என்று கவுன்சில் திட்டமிடல் பக்கத்தில் நானே தேடினேன். அயல் வீட்டுக் கதவையும் தட்டினேன். மதில் தங்கட செலவில் கட்டியது என்று அந்தக் கிழவர் சொன்னார், ஈரம் பத்து ஆண்டாக இருக்கிறது என்றும் சொன்னார்.

ஒன்றில் பயப்படவேண்டாம். பழையவர் வேறு இடத்தில் கடன் வாங்கி, அதையும் அந்த வீட்டின் மேல் பதிந்திருந்தால் அது உங்களைத் தொடருமோ என்று பலர் கேட்கிறார்கள். விற்கிற பாங்கின் கடனுக்குப் பின்னால் பதிந்தவை, பாங்க் தன் விற்பனை அதிகாரத்தில் விற்கிறபோது விழுந்துவிடும். அதற்கென்றே டி ஆர் 2 என்று தனிக் கைமாற்றுப் படிவம் இருக்கிறது. பாங்கின் கடனுக்கு முன்னால் பதிந்தவை விழாது. உங்கட சொலிசிட்டர் பதிவேட்டைப் பார்த்து எது எதுவென்று சொல்லுவார்.

எக்ஸ்சேஞ்ச் அன்றைக்குப் பத்து வீதம், எங்களுக்கு 25,260 பவுண்ஸ். காசு அனுப்ப முதல் ஒரு வேலை. சொலிசிட்டரின் கணக்கு இலக்கம் மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் அது கள்ளன். கணக்கு இலக்கத்தை முதல் நாளில் தந்த கடிதத்தில் இருக்கிற தொலைபேசிக்கு எடுத்து, இலக்கம் இலக்கமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதில் டிபொசிற் முழுவதையும் விட்டது. அதே நாளிலிருந்து வீட்டுக் காப்புறுதியும் உங்கட பேரில் இருக்கவேண்டும், பொது ஒப்பந்த விதிப்படி எக்ஸ்சேஞ்சிலிருந்து நெருப்பு, வெள்ளம் எல்லாம் வாங்குகிறவர் பாடு. ஆளில்லாத வீடு என்று உண்மையைச் சொல்லி எடுங்கோ, சொல்லாமல் எடுத்தால் குழாய் வெடித்த அன்றைக்குக் காசு தரமாட்டார்கள்.

எங்களுக்கு 26ஆம் நாள் எக்ஸ்சேஞ்ச், அதிலிருந்து பதினான்காம் நாள் கொம்ப்ளீஷன், அதாவது மிச்சக் காசு கட்டி வீடு கைக்கு வருகிற நாள், திறப்பை ஏஜென்டிடம் வாங்கினோம். முத்திரை வரி எங்களுக்கு இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குகிறவருக்கு 300,000 வரைக்கும் பூச்சியம், 500,000க்கு மேற்பட்ட வீடென்றால் அந்தச் சலுகையே இல்லை. எங்கட விலைக்கு ஏற்கெனவே ஒருமுறை வீடு வாங்கி விற்றவரென்றால் 2,630 கட்டுவார். கையில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு இதை வாடகைக்கு வாங்குகிறவர் என்றால் முழு விலைக்கும் இன்னொரு 5 வீதம் சேர்ந்து 15,260. வரிப் படிவமும் காசும் 14 நாளுக்குள் போகவேண்டும், சொலிசிட்டர் செய்வார். வேல்ஸில் வரி வேறு. பாங்கின் கையில் சும்மா கிடந்தவரைக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி இல்லாமல் இருந்திருக்கும், அந்தச் சலுகை கொம்ப்ளீஷன் அன்றோடு முடிந்துவிடும்.

முதல் நாள் பூட்டை மாற்றினோம். மீற்றர்களைப் படம் எடுத்தோம். மின்சாரத்துக்குத் திறப்புப் போட்டுக் காசு நிரப்புகிற மீற்றர் இருந்தது. இவர் கடைக்குப் போய் 20 பவுண்ஸ் நிரப்ப வெளிக்கிட்டார், மறித்தேன். பழையவருடைய கடன் அந்த மீற்றரில் ஏறியிருந்தால் நீங்கள் போடுகிற காசிலிருந்துதான் கழியும். முதலில் மின்சாரக் கம்பெனிக்குப் போன் எடுத்து, இன்று முதல் நாங்கள் என்று சொல்லி, புதுத் திறப்பு வாங்குங்கோ.

கடிதக் குவியலை மாமி ஒரு பின்னேரம் இருந்து பெயர் பெயராகப் பிரித்தா. ஒன்றையும் உடைக்கவில்லை. எல்லாவற்றிலும் "இந்த விலாசத்தில் இல்லை, அனுப்பியவருக்கே" என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டோம், இரண்டு ஷொப்பிங் பை நிறைய. பழையவருடைய கடனால் உங்கட கிரெடிட் கெடாது, கடன் ஆளோடு போகும், விலாசத்தோடு போகாது. ஆனால் கடன் அறவிடுகிறவர்களுக்கு அது விளங்க நாளெடுக்கும். காணிப் பதிவகத்தில் உங்கட பேர் ஏறியதும் பதிவேட்டின் பிரதி ஒன்றை எடுத்து முன்கதவுக்குப் பக்கத்தில் வையுங்கோ. நவம்பரில் ஒரு காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து தட்டினார், கழுத்தில் அட்டை, சட்டையில் கமரா. யன்னலைக் கொஞ்சம் திறந்து பிரதியைக் காட்டினேன். வாசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். கிளிப்புகள் இன்னும் கொடியில்தான் கிடக்கின்றன, மாமி அதில்தான் உடுப்புக் காயப்போடுகிறா.